6 மிமீ-இல் ஒரு ரோமப் படை: முதல் பேஸிலிருந்து முதல் ஆட்டம் வரை

பண்டைக் காலப் போர்களை மேசைமேல் ஆட ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் 28 மிமீ உயர வீரர் பொம்மைகளில்தான் தொடங்குகிறார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். ஒவ்வொருவனுக்கும் கண் வைத்து, இடைவார் வைத்து, நாற்பது பேரை முடிப்பதற்குள் ஒரு வருடம் ஓடிவிட்டது. மேசையில் நிறுத்திப் பார்த்தால் நாற்பது ஆட்கள் தெரிந்தார்கள், படை தெரியவில்லை.

பண்டைக் கிரேக்க வரலாற்றாசிரியர் பொலிபியஸ் தரும் கணக்கில் ஒரு லீஜியனுக்கு, அதாவது ரோமப் படையின் ஒரு பெரும்பிரிவுக்கு, 4,200 காலாட்கள்: முதல் வரிசை ஹஸ்தாத்தி 1,200, இரண்டாம் வரிசை பிரின்கிபேஸ் 1,200, கடைசி வரிசை திரியாரி 600, முன்னால் ஓடிச் சண்டையிடும் இலகு வீரர்களான வெலைட் 1,200. கூடவே 300 குதிரை வீரர்கள். அந்தத் திரளை வீட்டு மேசையில் பார்க்க வேண்டுமென்றால் பொம்மை சின்னதாகத்தான் இருக்க வேண்டும். 10 மிமீ, 15 மிமீ இரண்டும் நல்ல அளவுகள்தான், 15-இல் கிடைக்கும் வகைகளும் அதிகம். ஆனால் வரிசை வரிசையாக நிற்கும் படையை 6 மிமீ காட்டுகிற மாதிரி வேறு எதுவும் காட்டாது என்பது என் உறுதியான எண்ணம். கீழே இருப்பது நான் முடித்த பொலிபியஸ் காலத்து ரோமப் படையின் வழிமுறை.

விதிநூலை முதலில் முடிவு செய்யுங்கள்

பேஸ் என்பது வீரர்களைக் கூட்டமாக ஒட்டும் அடித்தட்டு. அதன் அளவு ஆட்டத்தின் விதிநூலைப் பொறுத்தது, அதனால் பொம்மை வாங்குவதற்கு முன்பே இதை முடித்துவிடுங்கள். புதியவர்களுக்கு நான் சொல்வது டி.பி.ஏ., அதாவது 'டி பெல்லிஸ் ஆன்டிகுயிடாடிஸ்'. 1990-இல் வார்கேம்ஸ் ரிசர்ச் குரூப் வெளியிட்டது, ஃபில் பார்க்கரும் வேறு சிலரும் எழுதியது. 2014-இல் வந்த மூன்றாம் பதிப்பை வாங்குங்கள். ஒரு படைக்கு 12 எலிமென்ட், அதாவது 12 பேஸ், மட்டுமே. 15 மிமீ-க்கும் அதற்குச் சிறிய அளவுகளுக்கும் பேஸ் அகலம் 40 மிமீ. நகரும் தூரத்தையும் பேஸ் அகலத்தில்தான் அளக்கிறார்கள் என்பதால் உங்கள் 6 மிமீ படை எதிராளியின் 15 மிமீ படையோடு தடையில்லாமல் மோதலாம். இரண்டடிக்கு இரண்டடி இடம் போதும்.

வாங்க வேண்டியவை

6 மிமீ-க்கென்றே இயங்கும் பக்கஸ் போன்ற நிறுவனங்களின் உலோக வீரர்கள் பட்டை பட்டையாக வருவார்கள்: காலாட்கள் நால்வர் ஒரு பட்டை, குதிரைகள் மூன்று ஒரு பட்டை. என் கணக்கு இது:

- ஹஸ்தாத்தி, பிரின்கிபேஸ் (விதிநூலில் 'பிளேட்'): 6 பேஸ், பேஸுக்கு 16 பேர்
- திரியாரி ('ஸ்பியர்'): 2 பேஸ், பேஸுக்கு 12 பேர்
- வெலைட் ('சைலோய்'): 2 பேஸ், பேஸுக்கு 6 பேர்
- குதிரைப்படை: 2 பேஸ், பேஸுக்கு 6 பேர், அதில் ஒன்று தளபதியுடையது

திரியாரிக்கு ஏன் 12 என்று கேட்டால், 96-க்கு 24 என்பது 2,400-க்கு 600 என்ற அதே விகிதம். பொலிபியஸின் கணக்கு மேசையிலும் தெரிகிறது. ஒரு பட்டையைப் பாதியாக வெட்டி ஆறு பேர் அகலத்துக்கு இரண்டு வரிசை வைத்தால் இரு ஓரத்திலும் கொஞ்சம் தரை தெரியும், எண்ணிக்கை குறைந்த அணி என்று பார்த்தவுடன் புரியும்.

வண்ணம்

பட்டைகளை ஐஸ் குச்சியில் இரண்டு சொட்டு ஃபெவிகாலால் ஒட்டி, கறுப்பு பிரைமர் (அடிப்பூச்சு) அடியுங்கள். காய்ந்ததும் வெளிர் சாம்பலை உலர் தூரிகையால் மேலாக இழுத்தால் மடிப்புகள் தாமாக எழுந்து வரும். இந்த அளவில் கண்ணுக்குப் படுவது தலைக்கவசம், தோள், கேடயம், ஈட்டி முனை. முகத்துக்குத் தோல்நிறத்தில் ஒரு புள்ளி போதும். வண்ணங்களை நிஜத்தைவிட ஒரு படி வெளிச்சமாக எடுங்கள், இல்லையென்றால் கை நீளத் தூரத்தில் எல்லாம் கறுத்துப் போகும்.

ஹஸ்தாத்தியும் பிரின்கிபேஸும் தலைக்கவசத்தில் கருஞ்சிவப்பு அல்லது கறுப்பு நிறத்தில் மூன்று இறகுகள், ஏறத்தாழ ஒரு முழ உயரத்துக்கு, செருகியிருந்ததாகப் பொலிபியஸ் எழுதுகிறார். 6 மிமீ-இல் அது தலைமேல் ஒரு கோடு, தவறாமல் வையுங்கள். வெலைட்களில் சிலருக்கு ஓநாய்த்தோல்: தலைமேல் ஒரு பழுப்புப் புள்ளி. பெயிண்டில் வல்லேயோ பிராண்ட் எனக்குப் பிடிக்கும். தூரிகையை ரொம்ப மெல்லியதாக வாங்காதீர்கள், பூஜ்ய எண்ணுக்குக் கீழே போனால் தொட்டு எடுப்பதற்குள் பெயிண்ட் நுனியிலேயே காய்ந்துவிடுகிறது.

பேஸ்: நான் இரண்டு முறை சிக்கிய இடம்

இதை நிதானமாகப் படியுங்கள். முதல் மூன்று பேஸ்களில் வீரர்களை ஒட்டி முடித்த பிறகு தரைப்பூச்சு போட்டேன். பட்டைக்கு அடியில் ஒரு மில்லிமீட்டர் உலோகத் தடிமன் இருக்கிறது. அது படிக்கட்டு மாதிரி துருத்திக்கொண்டு நிற்கும். அதை மறைக்க வெள்ளைப் பட்டி பூசினேன். பூசியது சரிதான், ஆனால் பின்வரிசைக் கால்களுக்கு இடையே இருந்த வெள்ளைக்கு எந்தத் தூரிகையும் போய்ச் சேரவில்லை.

தீர்வு இதுதான். பட்டியைப் பூசுவதற்கு முன்பே நிறம் கலந்துவிடுங்கள். சுவருக்குப் பூசும் அக்ரிலிக் பட்டி, அடர் பழுப்பு பெயிண்ட், கொஞ்சம் ஃபெவிகால், சில சொட்டு தண்ணீர். பதம் தோசை மாவைவிடக் கெட்டி, இட்லி மாவைவிடவும் ஒரு பிடி கெட்டி. முன்வரிசையை ஒட்டி, அதன் பின்புறத்தில் பல்குத்தும் குச்சியால் இந்தக் கலவையைத் தள்ளி, பிறகு பின்வரிசையை ஒட்டுங்கள். குச்சியின் நுனியைக் காலுக்கும் காலுக்கும் நடுவே வைத்து வெளியே இழுத்தால் கலவை தானாகப் பட்டை ஓரத்தை மூடிக்கொள்ளும். ஈரம் காய்வதற்குள் மேலே மணல் தூவி, மறுநாள் வெளிர் மஞ்சள் கலந்த சாம்பலால் உலர் தூரிகை. வெள்ளை எங்கும் எட்டிப் பார்க்காது.

இரண்டாவது சிக்கல் ஈட்டி. இந்த ஆட்டத்தில் எதிரிகளின் பேஸ்கள் முகத்தோடு முகம் ஒட்டி நிற்க வேண்டும். என் திரியாரியின் ஈட்டிகள் பேஸ் விளிம்பைத் தாண்டி நீட்டியிருந்தன. முதல் ஆட்டத்திலேயே ஐந்து ஈட்டி வளைந்தது, ஒன்று ஒடிந்தது. பேஸ் ஆழம் 15 மிமீ. முன்னால் 3 மிமீ விட்டு, இரண்டு வரிசைக்கும் 5, 5, நடுவில் 2. வரிசைகளை இப்படி அளந்து வைத்து, ஒட்டுவதற்கு முன் இன்னொரு பேஸை எதிரே தள்ளிப் பாருங்கள்.

முதல் ஆட்டம்

ஒவ்வொரு முறையும் ஒரு பகடை உருட்டுகிறீர்கள். விழும் எண்தான் 'பிப்', அத்தனை குழுக்களை நகர்த்தலாம். வரிசை கலையாமல் சேர்ந்து நிற்கும் பேஸ்கள் எல்லாம் ஒரே குழு, ஒரே பிப். வரிசை உடைந்தால் பிப் போதாது. சண்டையில் இருவரும் பகடை எண்ணோடு தங்கள் பலத்தைக் கூட்டுகிறார்கள். பிளேடுக்குக் காலாளை எதிர்க்கும்போது 5, குதிரை, யானைமேல் வருபவரை எதிர்க்கும்போது 3. குறைந்த கூட்டுத்தொகை எதிராளியுடையதில் பாதிக்கு மேல் இருந்தால் பெரும்பாலும் பின்வாங்கல், பாதியோ அதற்குக் கீழோ போனால் பெரும்பாலும் அந்த பேஸ் அழிந்தது. நான்கு பேஸ் இழந்து, அது எதிராளியின் இழப்பைவிட அதிகமாகவும் இருந்தால் தோல்வி.

திரியாரியைப் பின்னால் வையுங்கள். "விஷயம் திரியாரி வரை வந்துவிட்டது" என்பது லத்தீனில் ஒரு பழமொழி, ரோம வரலாற்றாசிரியர் லிவி பதிவு செய்திருக்கிறார். நிலைமை கைமீறும்போது சொல்வது. அந்த வார்த்தையின் பொருள் மூன்றாவது ஆட்டத்தில்தான் எனக்கு உண்மையில் புரிந்தது.

எதிரே ரோமின் எதிரியான கார்த்தேஜின் யானைகள் இருந்தால் வெலைட்களைத் தூரமாக விடாதீர்கள். கி.மு. 202-இல் ஜாமா போரில் கார்த்தேஜ் தளபதி ஹன்னிபாலிடம் எண்பதுக்கும் மேற்பட்ட யானைகள் இருந்தன. ரோமத் தளபதி சிப்பியோ தன் அணிகளுக்கு நடுவே நேர்ச்சந்துகள் விட்டு, அவற்றில் வெலைட்களை நிறுத்தினார். டி.பி.ஏ.-விலும் யானையைச் சண்டையில் வெல்லும் சைலோய் அதைப் பின்வாங்க வைப்பதோடு விடாமல் அழித்தே விடும்.

பின்சேர்க்கை

கடலோர ஊரிலிருந்து ஒருவர் எழுதினார்: மழைநாளில் ஸ்ப்ரே பிரைமர் அடித்ததில் வீரர்கள்மேல் வெள்ளைப் பொடி படிந்துவிட்டதாம். காற்றில் ஈரம் அதிகமானால் அப்படித்தான் ஆகும். அந்த நாட்களில் தூரிகையால் பூசும் பிரைமரே நல்லது, மெல்லியதாக இரண்டு முறை.

இன்னொருவர் பேஸ் அடியில் காந்தத்தாள் ஒட்டலாமா என்று கேட்டார். ஒட்டலாம், இரும்புப் பெட்டியில் அசையாமல் நிற்கும். ஆனால் வீரர்களை ஒட்டும் முன்பே அதை ஒட்டுங்கள். பிறகு ஒட்ட வேண்டுமென்றால் பேஸைத் தலைகீழாக அழுத்த வேண்டிவரும், ஈட்டிகள் தாங்காது.