அரிசி மூட்டையோடு லயத்துக்குப் போகும் தம்பி தங்கைகளுக்கு

தைப்பூசம் முடிந்த கையோடு, மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள எங்கள் சுங்கை சிப்புட் சுற்றுவட்டாரத்தில், தோட்டத்து லயங்களுக்கு, அதாவது தொழிலாளர்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளுக்கு, உதவப் புதுத் தொண்டூழியக் குழுக்கள் கிளம்பிவிடும். விரதம் இருந்த மனம் இன்னும் இளகியே இருக்கும், யாருக்காவது எதையாவது செய்யச் சொல்லி உந்தும். கோயில் இளைஞர் பிரிவு, பஜனைக் குழு, சர்ச் வாலிபர் சங்கம் என்று எல்லாருமே வருகிறார்கள். பார்க்கச் சந்தோஷமாக இருக்கிறது. ஆனால் நாங்கள் ஆரம்பத்தில் செய்த அதே பிழைகளை அவர்களும் செய்வதைப் பார்க்கும்போது சும்மா இருக்க முடியவில்லை.

காலாவதியான டின்னைக் கொடுக்காதீர்கள், கிழிந்த துணியை மூட்டை கட்டாதீர்கள், பிள்ளைகளின் முகத்தைப் படம் பிடித்து முகநூலில் போடாதீர்கள். இவையெல்லாம் உங்களுக்கே தெரியும். நான் சொல்ல வந்தவை வேறு.

தீபாவளிக்கு மட்டும் போவது

தீபாவளிக்கு முந்தின வாரங்களில் ஒரே லயத்துக்கு இரண்டு மூன்று குழுக்கள் வந்துவிடும். ஒரே வீட்டில் முறுக்கு மாவும் எண்ணெயும் குவிந்து கிடக்கும். அதன் பிறகு ஆள் அரவமே இருக்காது. ஆண்டு இறுதியில் மழை பிடித்துக்கொண்டால் ரப்பர் மரத்தில் பால்வெட்டு இல்லை, கைக்கு வரும் காசும் இல்லை. அதற்குப் பின்னாலேயே பள்ளிக்கூடச் செலவு வந்து நிற்கும். சப்பாத்து, புத்தகப்பை, பஸ் காசு. உங்களிடம் ஒரு தடவைக்குத்தான் பணம் இருக்கிறதென்றால் அதைப் பள்ளி திறக்கும் மாதத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

சீனி, கெட்டிப்பால், மேகி

வீட்டில் இனிப்புநீர் (நீரிழிவு) உள்ளவர் யார் என்று கேட்ட பிறகு பை கட்டுங்கள்.

"பிறப்புப் பத்திரம் இருக்கா?" என்று கேட்டுவிட்டு நகர்வது

இதைத்தான் என்னால் இன்னும் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. மற்ற பிழைகளில் காசு வீணாகும், நேரம் வீணாகும். இதில் ஒரு பிள்ளையின் வாழ்க்கையே தடம் புரண்டுவிடும்.

ஒரு செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டத்தில் ஒரு பாட்டி, அவருடைய மகன், மூன்று பேரப்பிள்ளைகள். மருமகள் இந்தோனேசியக்காரர், பிற்பாடு ஊருக்குப் போனவர் திரும்பவில்லை. ஒரு குழு அந்த வீட்டுக்குப் பல வருடங்களாக மாதம் தவறாமல் அரிசி கொண்டுபோய்க் கொடுத்தது. நல்ல பிள்ளைகள், குறையே சொல்ல முடியாது. அவர்கள் வைத்திருந்த குடும்ப விவரத் தாளில் "பிறப்புப் பத்திரம்" என்ற கட்டத்துக்கு நேரே மூன்று பேருக்கும் "உண்டு" என்று எழுதியிருந்தது.

ஒருநாள் நானும் கூடப் போயிருந்தேன். "பாட்டி, அந்தப் பத்திரத்தைக் கொஞ்சம் பார்க்கலாங்களா?" என்று கேட்டேன். "ஆஸ்பத்திரியில பொறந்த புள்ளைங்கதான் தம்பி, எல்லாம் முறையா எடுத்து வச்சிருக்கோம்" என்று சொல்லிக்கொண்டே அலமாரி மேலிருந்து பிஸ்கட் டின்னை இறக்கினார். உள்ளே பிளாஸ்டிக் உறையில் மூன்று பத்திரங்கள், மடிப்பு கூடக் கலையாமல் இருந்தன. குடியுரிமைத் தகுதி என்ற வரியில் மூன்றிலும் "புக்கான் வார்கானெகாரா" என்று அச்சாகியிருந்தது. குடிமகன் அல்ல. பாட்டிக்கு மலாய் படிக்கத் தெரியாது. படிக்கத் தெரிந்தவர்கள் அத்தனை வருடமாக அந்த வாசலுக்கு வந்து போயிருக்கிறார்கள், டின்னைத் திறந்து பார்க்கவில்லை.

எப்படி இப்படி ஆகிறது? அப்பா இந்நாட்டுக் குடிமகன், நீல அடையாள அட்டைக்காரர். தோட்டத்து மாரியம்மன் கோயிலில் ஊர் கூடித் தாலி கட்டியிருக்கிறார். ஆனால் பதிவுத் திருமணம் செய்யவில்லை. 1976-ஆம் ஆண்டுத் திருமணச் சட்டம் 1982 மார்ச் 1-ஆம் தேதி நடப்புக்கு வந்தது. அதிலிருந்து தேசியப் பதிவு இலாகாவின் முகப்பில் பதிவுப் பத்திரம்தான் செல்லும். அது இல்லையென்றால் பிள்ளை திருமண உறவுக்கு வெளியே பிறந்ததாகக் கொள்ளப்படும். அப்படிப்பட்ட பிள்ளைக்குக் குடியுரிமை அம்மா வழியில்தான் பார்க்கப்படும். அம்மா வெளிநாட்டவர் என்றாலோ, அம்மாவுக்கே பத்திரம் இல்லையென்றாலோ பிள்ளை மாட்டிக்கொள்கிறது. அப்பாவின் பெயர் பத்திரத்தில் இருந்தாலும் அது உதவாது.

பிறகு பதிந்துகொண்டால் சரியாகிவிடாதா என்று கேட்பீர்கள். பிறந்த பிறகு பெற்றோர் பதிவு செய்துகொண்டாலும் அப்பா வழியில் தானாகவே குடியுரிமை வந்துவிடாது என்று 2021-இல் கூட்டரசு நீதிமன்றம் 4-க்கு 3 என்ற பெரும்பான்மையில் தீர்ப்புச் சொல்லிவிட்டது. ஏழு நீதிபதிகளே ஒரு மனதாக முடிவு செய்ய முடியாத விஷயத்தில், அந்தப் பாட்டி தானாகத் தெரிந்துகொள்வார் என்று எப்படி விட முடியும்?

எனக்கு ஆறவே ஆறாத இடம் ஒன்று உண்டு. கடைசிப் பேரன் வயிற்றில் இருந்தபோதே அந்தக் குழு அந்த வீட்டுக்குப் போய் வந்துகொண்டிருந்தது. வளைகாப்புக்கு வளையலும் சேலையும் வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். அந்தப் பெண்ணிடம் அப்போது செல்லுபடியாகும் கடப்பிதழ் (பாஸ்போர்ட்) இருந்தது. "அக்கா, ரிஜிஸ்டர் பண்ணீங்களா?" என்று ஒருவர் கேட்டு, இரண்டு பேரையும் வண்டியில் ஏற்றிப் பதிவுக்கு அழைத்துப் போயிருந்தால், பிரசவத்துக்கு முன்பே அது முடிந்திருக்கும். கடைசிப் பிள்ளையாவது குடிமகனாகப் பிறந்திருப்பான். வளையல் வாங்கத் தோன்றியது, இது தோன்றவில்லை. அன்பு குறைவு என்று நான் சொல்ல மாட்டேன். கேட்க வேண்டியது இது என்று அவர்களுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அதனால்தான் இங்கே இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

இப்படிப் பட்ட வீடுகளில் விஷயம் வெளியே தெரிவது பெரும்பாலும் பிள்ளைக்கு 12 வயதாகி, வகுப்பில் எல்லாரும் மைகார்டு என்ற அடையாள அட்டை எடுக்கும்போதுதான். அதற்குப் பிறகு எஞ்சியிருப்பது அரசியலமைப்பின் 15ஏ பிரிவில் விண்ணப்பம் போடுவது. முடிவு உள்துறை அமைச்சின் கையில். வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும், காரணம் சொல்லாமலே நிராகரித்த கடிதங்களை நானே கையில் வாங்கியிருக்கிறேன். வயது வரம்பும் உண்டு. 21 என்று இருந்ததை 18 ஆகக் குறைக்கும் திருத்தத்தை நாடாளுமன்றம் 2024-இல் ஏற்றது. ஆகவே பிள்ளைக்கு வயது ஏற ஏற வாசல் சாத்திக்கொண்டே வருகிறது.

நம் சமூகத்தில் இது ஏதோ ஒன்றிரண்டு வீட்டுப் பிரச்சினை என்று நினைக்காதீர்கள். 2011-இல் இதற்காகவே மைடாஃப்டார் என்ற பெயரில் அரசாங்கம் தனி இயக்கம் நடத்த வேண்டியிருந்தது.

முதல் இரண்டு மூன்று சந்திப்பில் எதுவும் கேட்காதீர்கள், பழகுங்கள். பிறகு அனுமதி கேட்டுப் பத்திரத்தை உங்கள் கண்ணால் பாருங்கள். குடியுரிமை வரியைப் படியுங்கள். பெற்றோரின் பதிவுத் திருமணப் பத்திரத்தைக் கேளுங்கள். யாராவது கர்ப்பமாக இருக்கிறார்களா என்று பெண் தொண்டூழியர் விசாரிக்கட்டும். தீபகற்பத்தில் குழந்தை பிறந்து 60 நாளுக்குள் பதிய வேண்டும், அது தாண்டினால் தாமதப் பதிவு, அதற்கு அலைச்சல் அதிகம். அசல் பத்திரம் எதையும் வாங்கி வராதீர்கள், நகல் போதும். "எனக்கு உள்ளே ஆள் இருக்கு, ஐயாயிரம் வெள்ளி கொடுங்க" என்று வரும் ஏஜெண்டை வாசல்படி ஏற விடாதீர்கள்.

தோட்ட நிர்வாகம் செய்ய வேண்டிய பழுதை நன்கொடையில் செய்வது

கூரை ஒழுகுகிறது என்றதும் தகரம் வாங்க வசூல் தொடங்கிவிடுகிறீர்கள். கொஞ்சம் பொறுங்கள். அந்த வீடு யாருடையது? வேலை செய்யும் தொழிலாளிக்கு நிர்வாகம் கொடுத்த லயத்து வீடு என்றால், அதைக் குடியிருக்கத் தக்கதாக வைத்திருப்பது முதலாளியின் கடமை. 1990-ஆம் ஆண்டு சட்டம் 446 இதற்காகவே இருக்கிறது. முதலில் மேனேஜருக்குக் கடிதம். அசையவில்லையென்றால் தொழிலாளர் இலாகா. ஆனால் புகார் கொடுப்பதா வேண்டாமா என்பதை அந்தக் குடும்பம்தான் முடிவு செய்ய வேண்டும், ஏனென்றால் மறுநாள் காலை வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய் நிற்கப் போவது அவர்கள். வேலை முடிந்தும் வெளியேறாமல் இருக்கும் குடும்பம், மூடிப்போன தோட்டத்து வீடு என்றால் கதை வேறு. அங்கே உங்கள் தகரம் தேவைப்படும்.

சாவு வீட்டில் சொக்சோவை மறப்பது

சம்பாதிக்கிறவர் இறந்துவிட்டால் நம் ஆட்கள் ஓடி ஓடி உதவுவார்கள். பாடை, பூ, கருமாதிச் சாப்பாடு, எல்லாவற்றுக்கும் வசூல் நடக்கும். அந்த மனுஷன் இத்தனை வருடம் சம்பளத்தில் சொக்சோ என்ற தொழிலாளர் சமூகப் பாதுகாப்புப் பிடித்தம் கட்டியிருக்கிறாரே என்பது ஒருவருக்கும் நினைவு வராது. தகுதி இருந்தால் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் மாதாமாதம் பென்சன் வரும், அடக்கச் செலவுக்குத் தொகையும் உண்டு. நாம் கொடுக்கும் அரிசியைவிட அது பல மடங்கு பெரியது. கருமாதி முடிந்த வாரமே சம்பளச் சீட்டு, இறப்புப் பத்திரம், திருமணப் பத்திரம் மூன்றையும் எடுத்துக்கொண்டு அந்த அம்மாவைக் கூட்டிப் போங்கள். ஊழியர் சேமநிதியையும் அப்படியே கேட்டுவிட்டு வாருங்கள். இங்கேயும் திருமணப் பத்திரம் இல்லாமல் திண்டாடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

ஆலோங் கடன்

உரிமம் இல்லாமல் வட்டிக்கு விடும் ஆலோங்கிடம் வாங்கிய கடனை நீங்கள் அடைக்காதீர்கள்.

கும்பிட்டால்தான் அரிசி

தேவாரம் பாட வந்தால், ஞாயிறு ஆராதனைக்கு வந்தால் என்று எந்த நிபந்தனையும் கூடாது. உங்களை அந்த லயத்துக்கு அழைத்து வந்தது உங்கள் பக்தி. அதற்கு அவர்களிடம் விலை கேட்காதீர்கள். அடுத்த கதவில் வங்காளதேசத் தொழிலாளியோ இந்தோனேசியக் குடும்பமோ இருக்கும், அவர்கள் வீட்டிலும் பசி இருக்கிறதா என்று பாருங்கள்.

ஏழைகள் என்றால் வாங்கிக்கொள்கிறவர்கள் என்று நினைப்பது

சுங்கை சிப்புட் எந்த ஊர் என்று நினைவிருக்கட்டும். இது மலேசிய இந்தியர் காங்கிரசின் தலைவராக இருந்த துன் வீ.தி. சம்பந்தன் பிறந்த ஊர். தோட்டங்களைத் துண்டு போட்டு விற்கத் தொடங்கிய காலத்தில், 1960-இல், அவர் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். அதில் பணம் போட்டவர்கள் பால்மரம் வெட்டிய தொழிலாளர்கள். தங்கள் சம்பளத்தில் கிள்ளிக் கொடுத்தே தோட்டங்களை வாங்கினார்கள். நீங்கள் அரிசி கொடுக்கும் பாட்டியின் அப்பாவும் அதில் பங்கு போட்டிருக்கலாம். கூடிப் பேசும்போது லயத்து ஆட்களையும் உட்கார வையுங்கள். எந்த வீட்டுக்கு முதலில் உதவி வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்த அளவு உங்களுக்குத் தெரியாது.

நோட்டுப் புத்தகத்தோடு காணாமல் போவது

தொண்டூழியர்களில் பாதிப்பேர் மாணவர்கள். பல்கலைக்கழகம் கிடைக்கும், கோலாலம்பூரில் வேலை கிடைக்கும், போய்விடுவார்கள். போகட்டும், அதில் தப்பில்லை. ஆனால் எந்தப் பிள்ளைக்கு எப்போது விண்ணப்பம் போட்டோம், எந்த அதிகாரி என்ன கேட்டார் என்பதெல்லாம் அவர்களுடைய வாட்ஸ்அப்பிலேயே தங்கிவிடுகிறது. அடுத்து வருகிறவர் முதலிலிருந்து தொடங்குகிறார், பிள்ளைக்கு இரண்டு வயது கூடிவிடுகிறது. ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு கோப்பு போடுங்கள். இலாகா கொடுத்த ரசீதின் நகல் ஒன்று அதில் இருக்கட்டும், இன்னொன்று அந்த வீட்டுப் பிஸ்கட் டின்னில் இருக்கட்டும். போகும் முன் அடுத்தவரைக் கூட்டிக்கொண்டு அந்த வீட்டுக்கே போய், "பாட்டி, இனிமே இந்தத் தங்கச்சிதான் பார்த்துக்கும்" என்று நேரில் சொல்லி, அவர் கைப்பேசி எண்ணை எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள்.