பல்லி விழுந்தால் விஷமா? வீடுகளில் நடக்கும் தப்புகள்

மூடாமல் வைத்த அரிசிம்பருப்புச் சாதத்தில் பல்லி கிடந்தால், கொங்கு வீடுகளில் முதலில் கிளம்பும் சொல் ‘விஷம்’. பல்லிக்கு விஷப்பல்லும் கிடையாது, விஷப்பையும் கிடையாது. அதற்காகப் பல்லியை எடுத்துப் போட்டுவிட்டு மிச்சத்தைச் சாப்பிடுவது அதைவிடப் பெரிய தப்பு. அதன் குடலிலும் எச்சத்திலும் சால்மோனெல்லா கிருமி இருக்கலாம். சாதத்தை மொத்தமாகக் கொட்டிவிட்டு, பாத்திரத்தைச் சோப்புப் போட்டுத் தேய்த்து வெந்நீர் ஊற்றிக் கழுவுங்கள்.

அந்தக் கிருமியால் வரும் வாந்தி, பேதி, காய்ச்சல் பெரும்பாலும் 6 மணி நேரம் கழித்தே தொடங்கும். சாப்பிட்ட பத்தாவது நிமிடமே பந்தியில் பலரும் குமட்டினால், பயமும் அருவருப்பும்தான் பெரும்பாலும் காரணம். உப்புத் தண்ணீரைப் புகட்டி வலுக்கட்டாயமாக வாந்தி எடுக்க வைக்காதீர்கள். பேதி ஆரம்பித்தால் ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீரில் ஒரு லிட்டருக்கான ஓஆர்எஸ் (உப்பு-சர்க்கரைப் பொடி) பொட்டலத்தைக் கரைத்துக் கொடுங்கள். குழந்தை, கர்ப்பிணி, வயசானவர் என்றால் காத்திருக்காமல் டாக்டரிடம் போய்விடுங்கள்.

அலமாரியில் கிடக்கும் கறுப்பு எச்சத்தைப் பார்த்ததும் எலி மருந்து வைத்துவிடுகிறார்கள். குனிந்து பாருங்கள்: ஒரு நுனியில் வெள்ளைப் பொட்டு இருந்தால் அது பல்லி எச்சம், அந்த வெள்ளை யூரிக் அமிலம். எலிப் புழுக்கையில் வெள்ளை இருக்காது.

எலிக்கு வைத்த ஒட்டு அட்டையில் பல்லி மாட்டிக்கொண்டால் வாலைப் பிடித்து இழுக்கக் கூடாது. வால் கழன்று கையோடு வந்துவிடும். தீனி கிடைக்காத நாளுக்கான கொழுப்பை அதில்தான் சேர்த்து வைத்திருக்கிறது. வால் திரும்ப முளைக்கும், ஆனால் உள்ளே எலும்பு இருக்காது, குருத்தெலும்புதான். தேங்காய் எண்ணெயோ கடலை எண்ணெயோ பஞ்சில் தொட்டு, ஒட்டிய இடத்தில் சொட்டுச் சொட்டாக விட்டு ஒவ்வொரு காலாக விடுவியுங்கள். மூக்கில் எண்ணெய் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

தோட்டத்துச் சாளையில் (தோட்டத்து வீட்டில்) பளபளவென்று ஓடும் அரணையையும் பல்லிக் கணக்கில் சேர்த்துவிடுகிறோம். வீட்டுப் பல்லிக்கு இமை இல்லை, நாக்கால்தான் கண்ணைத் துடைக்கும். அரணை கண்ணை மூடித் திறக்கும். ‘அரணை நக்கினால் மரணம்’ என்பதும் பொய்தான், அதற்கும் விஷம் இல்லை.

கவுளி (பல்லி) சொன்னால் காரியம் நிற்கும், நடக்கும் என்கிற வழக்கம் இன்று நேற்று வந்ததல்ல. தினைப்புனத்துக்குள் நுழையப் போன பன்றி, பல்லிச் சத்தம் கேட்டு மெல்லப் பின்வாங்கியதாக நற்றிணை 98 பாடுகிறது. ஆனால் குறுந்தொகை 16இல் கள்ளிக்காட்டுச் செங்கால் பல்லி தன் துணையைத்தான் கூப்பிடுகிறது. உயிரியலும் அந்தப் பக்கம்தான்: துணையைக் கூப்பிடவும், எல்லைக்குள் வந்த இன்னொரு ஆணை மிரட்டவும்தான் பெரும்பாலும் இந்தச் சத்தம்.

முட்டை ஓட்டைத் தொங்கவிடுவது, மயிலிறகு செருகுவது எல்லாம் வீண்வேலை. பல்லி வருவது விளக்கைச் சுற்றும் பூச்சிக்காக. வாசல் விளக்கை வேலை முடிந்ததும் அணைத்தாலே பாதி குறைந்துவிடும். காலண்டருக்குப் பின்னாலோ சுவிட்ச் பெட்டிக்குள்ளோ இரண்டு வெள்ளை முட்டை இருந்தால், பெட்டியைத் திறக்கும் முன் மெயினை அணைத்துவிடுங்கள்.