துணை விண்மீன் கோளை நிலைக்க விடுமா? கணக்கிட்டுப் பார்க்கும் முறை

வைகாசிக் கடைசியில், மேகமில்லாத இரவு ஒன்பதரை மணி வாக்கில், நாங்குநேரிக்கும் வள்ளியூருக்கும் இடைப்பட்ட வெட்டவெளியில் தெற்கு நோக்கி நின்றால், காற்றாலைகளின் சிவப்பு விளக்குகளுக்கு மேலே, தொடுவானத்திலிருந்து ஏறத்தாழ 20 பாகை உயரத்தில் ஆல்ஃபா சென்டாரி தெரியும். தென்சிலுவைக்கு இடப்புறம் ஒளிரும் இரு விண்மீன்களில் கிழக்கே இருப்பது அதுவே. தில்லியில் தொடுவானத்தை ஒட்டிக் கிடப்பதால் பெரும்பாலும் கண்ணில் படாத இந்த விண்மீன், நெல்லைச் சீமைக்கு வாய்த்த நல்ல பாடப்பொருள். வெறுங்கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்தாலும், சிறிய தொலைநோக்கி அதை ஏ, பி என இரண்டாகப் பிரித்துக் காட்டிவிடும்.

இத்தகைய இரட்டை விண்மீன்களில் ஒரு கோள் நிலைக்குமா என்று மதிப்பிட, அது ஒரு விண்மீனை மட்டும் சுற்றுகிறதா, இரண்டையும் சேர்த்துச் சுற்றுகிறதா என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஒன்றை மட்டும் சுற்றுவதானால், விண்மீன்களுக்கு இடையிலான சராசரித் தொலைவைப் பார்த்து முடிவுக்கு வந்துவிடக் கூடாது. அவை மிக நெருங்கும் தொலைவே கணக்கில் முக்கியம். ஏ, பி இரண்டும் சுமார் 80 ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒன்றையொன்று சுற்றிவருகின்றன. சராசரித் தொலைவு சுமார் 23.5 வானியல் அலகு (ஓர் அலகு என்பது பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள சராசரித் தொலைவு). பாதையின் மையத்தொலைத்தகவு, அதாவது அது வட்டத்திலிருந்து எவ்வளவு நீண்டிருக்கிறது என்பதன் அளவு (வட்டத்துக்குச் சுழி), 0.52. ஒன்றிலிருந்து 0.52-ஐக் கழித்து 23.5-ஆல் பெருக்கினால், நெருக்கத் தொலைவு ஏறத்தாழ 11.3 என்று கிடைக்கும். நிறையில் பெரிய வேறுபாடில்லாத இணைகளுக்கு, இதில் நான்கில் ஒரு பங்கைக் கோள் நிலைக்கும் எல்லையாகத் தோராயமாகக் கொள்ளலாம்: 2.8 அலகு. வானியலாளர்கள் ஹோல்மனும் வீகர்ட்டும் 1999-இல் கணினிக் கணக்கீடுகளால் பெற்ற சூத்திரமும் ஏ விண்மீனுக்கு ஏறத்தாழ இதே விடையைத் தருகிறது. ஆக, அங்கே பூமியும் செவ்வாயும் இருக்கும் தொலைவுகளில் கோள்கள் தாக்குப்பிடிக்கும், வியாழனைப் போல் 5.2 அலகில் இருக்கும் கோளை பி-யின் ஈர்ப்பு நாளடைவில் நிலைகுலைத்துவிடும்.

நிலைப்பது வேறு, உருவாவது வேறு. துணை விண்மீன், கோள்கள் பிறக்கும் தூசுத் தட்டின் வெளிவிளிம்பைக் கத்தரித்துவிடுவதோடு, எஞ்சிய பாறைத் துண்டுகளின் வேகத்தையும் கூட்டிவிடுவதால், அவை மோதும்போது ஒட்டாமல் உடையலாம். ஆயினும் காமா செஃபி என்னும் இரட்டையில், துணை சுமார் 20 அலகில் இருந்தும், 2 அலகில் ஒரு பெருங்கோள் உள்ளது.

அடுத்துச் சாய்வைப் பார்க்க வேண்டும். கோளின் பாதைக்கும் துணையின் பாதைக்கும் இடையே சுமார் 39 பாகைக்கு மேல் சாய்விருந்தால், துணை வெகுதொலைவில் இருந்தாலும் கோளின் பாதை நீண்டு ஒடுங்கக்கூடும். 1962-இல் லிடோவும் கோசாயும் தனித்தனியே விளக்கிய விளைவு இது. 111 நாளில் சுற்றும் எச்டி 80606 பி என்ற கோளின் பாதை 0.93 என்ற மையத்தொலைத்தகவுக்கு நீண்டிருப்பதற்கு, ஆயிரம் அலகுக்கு அப்பால் உள்ள துணையே காரணம் என்று கருதப்படுகிறது.

இரண்டையும் சேர்த்துச் சுற்றும் கோளுக்குக் கணக்கு தலைகீழாகும்: விண்மீன்களின் இடைத்தொலைவைப் போல் இரண்டு முதல் நான்கு மடங்குக்கு அப்பால் அது இருக்க வேண்டும். 2011-இல் அறிவிக்கப்பட்ட கெப்ளர்-16 பி, 0.22 அலகு இடைவெளியுள்ள இணையை 0.7 அலகில் சுற்றுகிறது.

வெப்பத்தைப் பற்றிப் பெரிதாகக் கவலைப்பட வேண்டியதில்லை. பூமியின் தொலைவில் ஏ-யைச் சுற்றும் கோளுக்கு, பி மிக நெருங்கும்போதும் அதனிடமிருந்து கிடைக்கும் ஒளி ஏ தருவதில் நூற்றில் ஒரு பங்குகூட இராது.

செய்திகளில் வானத்தில் தோன்றும் இடைத்தொலைவு மட்டும் தரப்பட்டிருந்தால், அதை நெருக்கத் தொலைவாக எடுத்துக் கணக்கிட வேண்டாம். பார்வைக் கோட்டின் திசையில் உள்ள ஆழம் அந்த அளவில் சேராது. சுற்றுப்பாதை அளக்கப்பட்ட இணைகளுக்கே இக்கணக்கு பொருந்தும்.