“காட்டுக்காடையா, வளத்ததா?”: சந்தையில் காடைக் கடை போடுகிறவர்கள் செய்யும் தவறுகள்

திருநெல்வேலிச் சீமையில் காடைக் கடை போட்டால் வருகிறவர் முதலில் விலை கேட்பதில்லை. “அண்ணாச்சி, இது காட்டுக்காடையா, வளத்ததா?” என்றுதான் கேட்பார். மேற்கே மலை, தெற்கே செம்மணல் தேரி, நடுவே குளமும் வயலுமாகக் கிடக்கிற ஊர் இது. முயல், கவுதாரி, மடையான் கொக்கு ருசியைப் பற்றிப் பேசாத பெரியவர் குறைவு. அந்த நினைப்பைக் காசாக்கலாம் என்று பலகையில் ‘காட்டு’ என்ற சொல்லைச் சேர்த்து எழுதுவதில்தான் பெரும்பாலான கடைகள் சறுக்குகின்றன.

1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி காட்டுமுயல், கவுதாரி, காட்டுக்காடை, கொக்கு, நாரை, மிளா (கடமான்), உடும்பு எதையும் பிடிக்கவோ விற்கவோ முடியாது. கண்ணியில் விழுந்தது, வண்டியில் அடிபட்டது, வேறு ஊரிலிருந்து வந்தது என்று எந்தச் சமாதானமும் எடுபடாது. 2022-இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு பொதுவான குற்றங்களுக்கு மூன்று ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். உடும்பு, மயில் போல முதல் அட்டவணையில் இருக்கும் உயிர்களின் கறி என்றால் மூன்று ஆண்டுக்குக் குறையாமல் ஏழு ஆண்டு வரை சிறை. கறி ஏற்றி வந்த வண்டியும் போகும். காட்டு உயிரின் கறி உங்கள் கைவசம் இருந்தது என்று நிறுவப்பட்டுவிட்டால், அது முறையாக வந்தது என்று நிரூபிக்க வேண்டியது நீங்கள்தான். 57-ஆம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது. களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகமும் கூந்தன்குளம் பறவைகள் சரணாலயமும் இருக்கிற மாவட்டத்தில் வனத்துறை இதைச் சும்மா விடாது.

காட்டுப்பன்றி பற்றி ஒரு வார்த்தை. விளைநிலத்துக்குள் இறங்கும் பன்றிகளைச் சுடும் பொறுப்பை வனத்துறைக்கு அரசு கொடுத்ததும் “இனிமே கறி விக்கலாம்லா” என்று பேச்சு கிளம்பியது. சுட அனுமதி வேறு, கறி விற்க அனுமதி வேறு.

சரி, விற்பது பண்ணைக் காடைதானே, பெயருக்குத்தானே ‘காட்டுக்காடை’ என்று போட்டோம் என்றால் அதுவும் தப்பாது. இல்லாததை இருப்பதாகச் சொல்லி உணவு விற்பது உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் குற்றம். தவறான பெயரிட்டதற்கு மூன்று லட்சம், தவறான விளம்பரத்துக்குப் பத்து லட்சம் வரை அபராதம் உண்டு. பலகையில் எழுதியது மெய்யென்றால் வனத்துறை வரும், பொய்யென்றால் உணவுப் பாதுகாப்பு அலுவலர் வருவார்.

ஆக, விற்கத் தக்கவை பண்ணையில் வளர்ந்தவை மட்டுமே: ஜப்பானியக் காடை, வான்கோழி, கின்னிக்கோழி, வளர்ப்பு முயல். ஜப்பானியக் காடை 1974-இல் அமெரிக்காவிலிருந்து நம் நாட்டுக்கு வந்தது. நந்தனம் காடை, நாமக்கல் காடை என்று நம்மூர்க் கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகமே ரகங்களை உருவாக்கியிருக்கிறது. ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரியில் போய்க் கேட்டால் பண்ணை, நோய், தடுப்பு பற்றி விவரம் கிடைக்கும். ஒவ்வொரு முறை பறவை வாங்கும்போதும் பண்ணையின் பெயர், ஊர், தேதி, எண்ணிக்கை போட்ட பில் வாங்குங்கள். சந்தை நாளன்று அது கடையில் இருக்க வேண்டும், வீட்டுப் பீரோவில் அல்ல. இறகு போன பிறகு காட்டுக்காடைக்கும் பண்ணைக் காடைக்கும் வித்தியாசம் சொல்வது பழகிய கண்ணுக்கே கடினம். அந்த நேரத்தில் பேசுவது பில் மட்டும்தான்.

இடமும் காகிதமும்

உழவர் சந்தையில் இடம் கேட்டுப் போய் ஏமாறுகிறவர்கள் அதிகம். 1999-இல் தொடங்கிய அந்தத் திட்டம் காய், கனி விளைவிக்கும் விவசாயி நேரடியாக விற்பதற்கானது. கறிக்கடைக்கு அங்கே இடமில்லை. உங்களுக்கு உரியது ஊராட்சி, பேரூராட்சி நடத்தும் வாரச்சந்தை. அங்கே குத்தகைதாரரிடம் பேசும்போது கட்டணத்தை மட்டும் கேட்காதீர்கள். தண்ணீர் எங்கே, கழிவுநீர் எந்தப் பக்கம் ஓடுகிறது, சாயங்கால வெயில் எங்கே விழும், பக்கத்தில் கருவாட்டுக் கடையா என்று ஒரு சந்தை நாள் முழுக்க நின்று பாருங்கள். கருவாட்டுக்குப் பக்கத்தில் பொரித்த காடை வாசம் எடுபடாது, ஈயும் அங்கிருந்துதான் வரும்.

உணவுப் பாதுகாப்புப் பதிவு இல்லாமல் ஒரு நாள்கூட விற்காதீர்கள். 14 இலக்கப் பதிவு எண்ணைக் கடையில் தெரியும்படி வைக்க வேண்டும். இதில் காடைக்காரர்கள் கவனிக்காமல் விடுகிற ஒரு சங்கதி உண்டு. 2011 விதிகளில் பதிவுச் சான்று மட்டும் போதும் என்கிற சிறு வியாபாரி நாளுக்கு 50 பறவை வரைதான் அறுக்கலாம். கோழி என்றால் 50 என்பது நூறு கிலோ. காடை என்றால் உயிரெடையாகப் பத்தே கிலோ! பறவையைத்தான் எண்ணுவார்கள், எடையை அல்ல. அதற்கு மேல் விற்க வேண்டுமென்றால் உரிமம் உள்ள இடத்தில் அறுத்துச் சுத்தம் செய்ததைப் பில்லோடு வாங்குவதே லேசான வழி. இன்றைய வரம்பு என்ன என்பதை விண்ணப்பிக்கும் முன் உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். 2019-இல் தென்காசி தனி மாவட்டமாகிவிட்டதால் பாவூர்சத்திரம், கடையநல்லூர்ப் பக்கம் கடை போடுகிறவர் பாளையங்கோட்டையில் அலைந்து பயனில்லை.

பச்சைக் கறியை எடை போட்டு விற்றால் தராசுக்குத் தொழிலாளர் துறை முத்திரை வேண்டும். மின்னணுத் தராசுக்கு வருடாவருடம் வைக்க வேண்டும். அடுப்புக்கு வீட்டுச் சிலிண்டர் கூடாது, 19 கிலோ வணிகச் சிலிண்டர்தான்.

கிலோ கணக்கில் விழுகிற ஓட்டை

35 நாள் காடை சுமார் 200 கிராம் இருக்கும். தோலோடு சுத்தம் செய்தால் 140 கிராம் தேறும், தோலுரித்தால் 120 பக்கம் வந்துவிடும். கோழி விற்ற பழக்கத்தில் கிலோ விலை போடுகிறவர் இந்த இறக்கத்தை மறக்கிறார். காடைக்கு உருப்படி விலைதான் சரி.

கணக்குக்காக ஒரு காடை உயிரோடு 45 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். உரிமம் உள்ள இடத்தில் சுத்தம் செய்ய 8, மசாலா, எண்ணெய் 12, எரிவாயுவும் இலையும் 5. மொத்தம் 70. ஒரு சந்தைக்கு 60 காடை கொண்டுபோனால் 4,200. வண்டி வாடகை, சந்தைக் கட்டணம், ஐஸ் சேர்த்து 600 என்றால் 4,800. 60-ம் விற்றால் அடக்கம் 80 ரூபாய். பத்து மிஞ்சினால் விற்ற ஐம்பதின் தலையில் 96 ரூபாய் ஏறுகிறது. “70 ரூபாய் அடக்கம், 90-க்கு விற்கிறேன், 20 லாபம்” என்று சொல்லிக்கொண்டிருப்பவர் உண்மையில் காடைக்கு ஆறு ரூபாய் கையிலிருந்து போட்டுக்கொண்டிருக்கிறார். உங்கள் கூலி இதில் வரவே இல்லை என்பதையும் பாருங்கள். முதல் நாலு சந்தைக்கு 30 காடைக்கு மேல் கொண்டுபோக வேண்டாம். தீர்ந்துபோன கடைக்கு அடுத்த வாரம் ஆள் வரும்.

கறி வெயிலில் நிற்கும் நேரம்

இந்தத் தொழிலில் அதிகம் கெடுவது இங்கேதான். காடை சின்ன உடம்பு, சீக்கிரம் குளிரும், அதே வேகத்தில் சூடும் ஏறும். கறி 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடையில் நிற்கும் நேரமெல்லாம் கிருமி பெருகும் நேரம். நம் ஊர்ச் சித்திரை வெயிலில் வெளியே ஒரு மணி நேரம்தான் தாங்கும் என்று வைத்துக்கொள்ள வேண்டும். கொக்கியில் மாட்டித் தொங்கவிட்டால்தான் ஆள் பார்ப்பார்கள் என்பவர்கள் ஒரே ஒரு உருப்படியைத் தொங்கவிட்டு, அதைக் கடைசியில் விற்காமல் கழித்துவிடட்டும்.

அறுப்பதற்கு ஐந்தாறு மணி நேரம் முன்பே தீனியை நிறுத்தி, தண்ணீர் மட்டும் கொடுங்கள். நிறுத்தாவிட்டால் குடல் கிழிந்து கறியில் படும், பிறகு எவ்வளவு கழுவினாலும் வாடை போகாது. இறகு எடுக்கக் கொதிநீரில் முக்குவது அடுத்த தவறு. காடைத் தோல் மெல்லியது, 55 டிகிரியைத் தாண்டினால் இறகோடு தோலும் வந்துவிடும். சுத்தம் செய்ததும் ஐஸ் தண்ணீரில் போட்டு உள்சூடு முழுக்க இறங்கிய பிறகே பெட்டியில் அடுக்க வேண்டும். வெதுவெதுப்பாக அடுக்கினால் நடுவில் இருப்பது பெட்டிக்குள்ளேயே நாறத் தொடங்கும்.

ஐஸ் அளவு கறியின் எடைக்குச் சமம். 50 காடைக்கு 7 கிலோ கறி, 7 கிலோ ஐஸ், வெயில் மாதங்களில் 10 கிலோ. மீன் கடையிலிருந்து வரும் ஐஸ் குடிநீரில் செய்ததா என்று தெரியாது, அதைக் கறியின் மேல் கொட்டாதீர்கள். கறியை மூடியுள்ள டப்பாவில் வைத்து, டப்பாவைச் சுற்றி ஐஸ் போடுங்கள். பெட்டியின் அடியில் சல்லடைத் தட்டும் தண்ணீர் வடிய ஓட்டையும் வேண்டும். உருகிய நீரில் ஊறிய காடை வெளுத்து, சட்டியில் போட்டதும் எண்ணெயை வாரி இறைக்கும். 300, 400 ரூபாய்க்குக் கிடைக்கும் குத்துமுனை வெப்பமானி ஒன்று பெட்டியில் எப்போதும் இருக்கட்டும்.

சட்டியில் நடப்பவை

ஒரு கிலோ காடைக்கு உப்பு 15 கிராம், மிளகாய்த்தூள் 15, பொடித்த மிளகு 10, மஞ்சள் 3, இஞ்சி பூண்டு விழுது 40, அரிசி மாவு 30 போதும். எலுமிச்சை பிழிந்து முதல் நாள் இரவே ஊற வைப்பது பலர் செய்யும் தவறு. புளிப்பில் மேல்கறி வெந்ததுபோல் வெளுத்து, பொரித்ததும் மாவாக உதிரும். ஒரு மணி நேர ஊறல் போதும், ஐஸ் பெட்டிக்குள் என்றால் இரண்டு மணி நேரம். சிவப்புக் கலர்ப்பொடி வேண்டவே வேண்டாம். பொரித்த கறியில் செயற்கை நிறம் சேர்க்கச் சட்டத்தில் இடமில்லை.

எண்ணெய் 170 டிகிரியில் இருக்கும்போது, இரண்டு லிட்டருக்கு நாலு அரைக்காடைக்கு மேல் போடாதீர்கள். ஆறேழு நிமிடம். கூட்டத்தைப் பார்த்து எட்டு, பத்து போட்டால் சூடு விழுந்து, காடை எண்ணெய் குடிக்கும். தொடையின் தடித்த இடத்தில் 75 டிகிரி காட்டினால் வெந்துவிட்டது என்று அர்த்தம். எலும்பின் ஓரம் சிவந்திருந்தால் “வேகலையே தம்பி” என்று திருப்பிக் கொடுப்பார்கள். இளம் பறவைக்கு எலும்பு பிஞ்சு, மஜ்ஜையின் நிறம் வெளியே கசியும், வெந்த பிறகும் அப்படித்தான் தெரியும். வெப்பமானியைக் குத்திக் காட்டிவிட்டால் பேச்சு முடிந்தது. அதற்குப் பயந்து இன்னும் ஐந்து நிமிடம் விட்டால் காடை கட்டையாகிவிடும்.

எண்ணெய் கறுத்து, நுரை அடங்காமல், புகை சீக்கிரம் வந்தால் மாற்றிவிடுங்கள், புதிது ஊற்றிக் கலக்காதீர்கள். ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய்க் காற்று அடிக்கும்போது அடுப்பைச் சுற்றி மூன்று பக்கத் தகரம் இல்லாவிட்டால் எரிவாயுதான் தீரும், எண்ணெய் காயாது.

முயலைக் காடைபோல் பொரிக்க நினைப்பது தனித் தவறு. கொழுப்பே இல்லாத கறி அது, அதிகச் சூட்டில் கயிறாக முறுகும். கிலோவுக்கு 100 மில்லி நல்லெண்ணெய், சின்ன வெங்காயம், மிளகு போட்டு மூடி, சிறு தீயில் 40 நிமிடம். கத்தியால் கொத்தினால் எலும்பு ஊசியாகத் தெறிக்கும், மூட்டு பார்த்துப் பிரியுங்கள்.

வாழை இலைக்கு இங்கே பஞ்சமா? 2019 முதல் பிளாஸ்டிக் பூசிய தட்டுக்கும் பைக்கும் தடை, செய்தித்தாளில் மடிப்பது மையைத் தின்னக் கொடுப்பது. பச்சைக் கறி வாங்குகிறவரைப் பாத்திரம் கொண்டுவரச் சொல்லிப் பழக்குங்கள்.

நாள் பார்க்காத கடை

புரட்டாசி முழுக்க, கார்த்திகையில் மாலை போடும் காலம், வெள்ளி, அமாவாசை, கிறிஸ்தவர்களுக்குத் தவக்காலம் என்று விற்பனை படுக்கும் நாட்கள் ஏராளம். பறவை 35 நாளில் தயாராகிவிடும், அதற்கு மேல் தின்பதெல்லாம் நஷ்டம். ஆகவே சொந்தமாக வளர்த்து விற்கிறவர் புரட்டாசி பிறப்பதற்கு ஐந்து வாரம் முன்பே குஞ்சு வாங்குவதைக் குறைக்க வேண்டும். கோயில் கொடை (திருவிழா) நடக்கும் வாரத்தில் அந்த ஊரில் ஆட்டுக்கறிதான் ஓடும், காடையைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். வான்கோழிக்கு கிறிஸ்துமஸ்தான் பருவம். பாளையங்கோட்டை, நாசரேத் பக்கம் நவம்பரிலேயே முன்பணம் வாங்கிக்கொண்டு, கேட்ட எண்ணிக்கை மட்டும் பண்ணையில் சொல்லுங்கள். மேலப்பாளையம், கடையநல்லூர் வாடிக்கையாளர்கள் ஹலாலா என்று கேட்பார்கள். முறையாக அறுக்கிற ஆளை வைத்திருந்தால் மட்டும் ஆமென்று சொல்லுங்கள்.

கேரளத்தில் பறவைக் காய்ச்சல் என்று செய்தி வந்தால் புளியரைச் சோதனைச்சாவடியில் பறவை வண்டிகளுக்குக் கெடுபிடி தொடங்கும், இந்தப் பக்கச் சந்தையிலும் கை நின்றுவிடும். நோய் வராத மாவட்டமாக இருந்தாலும் இரண்டு மூன்று வாரம் அப்படித்தான். அந்த நாட்களில் உயிர்ப்பறவையை விலைக்குறைவு என்று அங்கிருந்து வாங்கி வராதீர்கள். இருப்பை ‑18 டிகிரி பெட்டியில் போட்டுவைத்து, ‘உறைய வைத்தது’ என்று எழுதியே விற்கலாம். ஒருமுறை உருகியதை மறுபடி உறைய வைக்கக் கூடாது.