நுவரெலியாவில் சைக்கிள் சுற்றுலா: இறக்கத்தில் தொடங்கும் தவறுகள்

கிரகரி வாவிக் கரையில் சைக்கிளில் ஏறி உட்கார்ந்தால் நுவரெலியா தட்டையான ஊர் என்றே தோன்றும். 1873இல், ஆளுநர் வில்லியம் கிரகரி காலத்தில் கட்டப்பட்ட அந்த வாவியின் ஓரத்திலும் குதிரைப் பந்தயத் திடலை ஒட்டியும் மூச்சு வாங்காமல் மிதிக்கலாம். அந்த அரை மணி நேரம் கொடுக்கும் தைரியத்தில்தான் பலர் தவறு செய்கிறார்கள். "இவ்வளவு சுலபமா இருக்கே, அப்படியே ஹக்கலை வரைக்கும் போய் வருவோம்" என்று பதுளை வீதியில் இறங்கிவிடுகிறார்கள்.

ஊர் இருப்பது 1,868 மீற்றர் உயரத்தில். இங்கிருந்து வெளியே போகும் பெரிய வீதிகள் சீக்கிரமே கீழ்நோக்கித் திரும்பிவிடும். ஹக்கலைத் தாவரவியல் பூங்கா 10 கிலோமீற்றர்; சீதா எலிய கோவிலைத் தாண்டி, அதிகம் மிதிக்காமலே போய்ச் சேரலாம். நானுஓயா ரயில் நிலையம் சுமார் 8 கிலோமீற்றர், ஏறக்குறைய 250 மீற்றர் இறக்கம். கண்டி வீதி முதலில் டொப்பாஸ் வரை ஏறும். பிறகு லபுக்கலை, றம்பொடை என்று 1,000 மீற்றர் அளவுக்கு விழும். யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ ஓட்டிப் பழகியவர் தூரத்தை வைத்து நேரத்தைக் கணக்கிடுவார். அந்தக் கணக்கு இங்கே பொருந்தாது. ஹக்கலைக்கு இறங்க அரை மணி நேரம் போதும். நிதானமாக ஓட்டுபவருக்குத் திரும்பி ஏற ஒன்றரை மணி நேரம் பிடிக்கும். அதுவும் கால் களைத்த பிறகு, பின்னேர மழை வரும் வேளையில்.

ஆகவே முதல் 2 கிலோமீற்றர் இறங்கியதும் நின்று, சைக்கிளைத் திருப்பி, வந்த வழியில் ஒரு 300 மீற்றர் ஏறிப் பாருங்கள். எந்தக் கியரில் மிதிக்க முடிகிறது, பேசிக்கொண்டே ஏற முடிகிறதா என்று அந்த 300 மீற்றரிலேயே தெரிந்துவிடும். பேச்சு திணறினால் அன்றைக்கு சீதா எலியவே போதும். ஹக்கலைக்குப் போவதென்றால் காலை 6.30க்குக் கிளம்பி, 10 மணிக்கு முன் திரும்பத் தொடங்க வேண்டும். ஹக்கலைக்கு அப்பால் வெலிமடைப் பக்கம் வீதி இன்னும் செங்குத்தாக இறங்கும். ஒரே நாளில் போய்த் திரும்புபவருக்கு அது தோதுப்படாது. றம்பொடைக்கு ஓட்ட ஆசையிருந்தால் அதை ஒருவழிப் பயணமாக வைத்து, திரும்பி வர வேனையோ சின்ன லொறியையோ முதல் நாளே பேசிவிடுங்கள். பஸ்ஸில் சைக்கிளை ஏற்றிவிடலாம் என்று நம்பி இறங்காதீர்கள். ஏற்றத்தை முதலில் முடித்துவிட விரும்புபவருக்குக் கந்தப்பளைப் பக்கம் நல்லது. அந்த ஊரே ஏறக்குறைய 1,900 மீற்றரில் இருப்பதால், திரும்பும்போது கால் பெரிதாகக் கெஞ்சாது.

பிரேக்கைப் பிடித்தபடியே இறங்குவது

இந்தப் பிழைக்குத்தான் நாங்கள் அதிகம் பயப்படுகிறோம். பயந்த கை பிரேக்கை இலேசாகப் பிடித்தபடியே இருக்கும். பாதுகாப்பு என்று நினைத்துச் செய்வதுதான், ஆனால் நடப்பது வேறு. பிரேக் கட்டை றிம்மில் உரசிக்கொண்டே வர, றிம் சூடாகிறது. டியூபுக்குள் இருக்கும் காற்றும் சூடாகி அழுத்தம் ஏறுகிறது. பழைய ஒட்டு இருந்தால் அது கிளம்பிவிடும். மோசமானால் டயரே வெடிக்கும். டிஸ்க் பிரேக்கிலும் இதே கதைதான்: கட்டையின் முகம் கண்ணாடிபோல் மினுங்கி, பிடிமானம் குறைந்துபோகும். ரப்பர் கருகும் வாசனை வந்தாலோ, பிடி வழக்கத்தைவிட ஆழமாக இறங்கினாலோ உடனே ஓரங்கட்டி, 10 நிமிடம் ஆற விடுங்கள். றிம்மையோ டிஸ்க்கையோ வெறும் விரலால் தொட்டுப் பார்க்க வேண்டாம், சுட்டுவிடும்.

சரியான முறை இது. நேர்ப்பாதையில் சைக்கிளைக் கொஞ்சம் ஓட விடுங்கள். முடக்கு (வளைவு) வருவதற்கு முன்பே, சைக்கிள் நேராக இருக்கும்போது, இரண்டு பிரேக்கையும் இரண்டு மூன்று விநாடி அழுத்திப் பிடித்து வேகத்தை இறக்குங்கள். பிறகு கையைத் தளர்த்தி முடக்கில் திரும்புங்கள். முடக்கின் நடுவில் வைத்து முன் பிரேக்கை இறுக்கினால் முன் சக்கரம் வழுக்கும். அதற்காக முன் பிரேக்கையே தொடாமல் ஓட்டுவதும் தப்பு. நிறுத்தும் பலத்தில் பெரும்பங்கு அதில்தான் இருக்கிறது. இடுப்பைச் சீட்டின் பின்பக்கம் தள்ளி உட்கார்ந்து பிடித்தால் சைக்கிள் தலைகுப்புறப் போகாது. மழையில் றிம் நனைந்திருந்தால், சக்கரம் ஒன்றிரண்டு சுற்றுச் சுற்றித் தண்ணீரைத் துடைத்த பிறகுதான் பிரேக் பிடிக்கும். அந்த இடைவெளியைக் கணக்கில் வைத்து, முன்கூட்டியே பிடிக்க வேண்டும்.

குளிரும் இதில் சேர்ந்துகொள்ளும். ஜனவரி, பெப்ரவரிக் காலைகளில் ஒற்றை இலக்க வெப்பநிலை இங்கே புதிதில்லை. வியர்வையோடு ஏறி உடனே இறங்கினால், ஐந்தே நிமிடத்தில் விரல் மரத்து, பிரேக்கைப் பிடிக்கிறோமா இல்லையா என்றே தெரியாமல் போகும். கையுறையும் காற்றைத் தடுக்கும் மெல்லிய ஜாக்கெட்டும் பைக்குள் இருக்கட்டும்; ஏறும்போது கழற்றுங்கள், இறங்கும் முன் மாட்டுங்கள்.

வாடகைச் சைக்கிளைப் பார்க்காமல் எடுப்பது

பெயின்ட் பளபளப்பைப் பார்த்து எடுப்பவர்கள்தான் அதிகம். பார்க்க வேண்டியவை வேறு. பிரேக் பிடியை முழுதாக அழுத்தினாலும் அதற்கும் ஹேண்டிலுக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய இடம் இருக்க வேண்டும். பிரேக் கட்டையில் வெட்டியிருக்கும் கோடுகள் தேய்ந்து மறைந்திருந்தால் மாற்றித் தரச் சொல்லுங்கள். முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு சைக்கிளை முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள். ஹேண்டில் தண்டில் "டொக் டொக்" என்று ஆட்டம் தெரிந்தால் அந்தச் சைக்கிள் வேண்டாம்.

கியரில், முன்னால் சின்னப் பல்சக்கரமும் பின்னால் பெரிய பல்சக்கரமும் சேர்ந்து விழுகிறதா என்று கடை வாசலிலேயே மிதித்துப் பாருங்கள். முன்னால் 24 பல், பின்னால் 28 பல் இருந்தால் சாதாரண ஆளும் இங்குள்ள ஏற்றத்தைச் சமாளிக்கலாம். கியரே இல்லாத சைக்கிளை வாவிக்கரையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சீட்டின் உயரத்துக்கு ஓர் எளிய வழி: மிதி அடியில் இருக்கும்போது குதிகாலை அதில் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். பலர் சீட்டைத் தாழ்த்தி வைத்து ஓட்டி, மாலையில் முழங்கால் வலி என்கிறார்கள்.

26 அங்குல மலைச் சைக்கிளின் அகல டயருக்கு 40 பிஎஸ்ஐ அளவு காற்றுப் போதும்; ஆனாலும் டயரின் பக்கத்தில் எழுதியிருக்கும் எல்லையைப் பாருங்கள். பெற்றோல் நிலையக் கம்பிரசரில் அடிப்பதென்றால் சிறுகச் சிறுக அடிக்கச் சொல்லுங்கள். ஒரே அழுத்தில் டியூப் வெடித்துவிடும். ஒரு டியூப், இரண்டு டயர் நெம்பி, கைப்பம்பு, ஒட்டும் பெட்டி இல்லாமல் டவுனை விட்டு வெளியே போக வேண்டாம்.

ஓரமாக ஒதுங்கி ஓட்டுவது

பஸ்ஸுக்குப் பயந்து வீதியின் விளிம்பில் ஓட்டுவது மலையகத்தில் ஆபத்து. கார்பட் போட்ட தாரின் விளிம்புக்கும் வடிகால் கானுக்கும் நடுவே ஒரு சாண் கூட இல்லாத இடங்கள் உண்டு. சக்கரம் விளிம்பை விட்டு இறங்கினால் நேரே கானுக்குள்தான். விளிம்பிலிருந்து ஒரு மீற்றர் உள்ளே, இடப்பக்கமாக, நேர்கோட்டில் ஓட்டுங்கள். பின்னால் வருபவர் உங்களைப் பார்த்து, இடம் விட்டுத்தான் முந்துவார். கொண்டை ஊசி வளைவில் மட்டும் இந்த விதி மாறும். நீளமான பஸ் திரும்ப முழு வீதியும் வேண்டும். ஹோன் சத்தம் கேட்டால் வளைவுக்கு முன்பே நின்று அதைப் போக விடுங்கள்.

இன்னொன்று, கரட் கழுவும் இடங்கள். மரக்கறித் தோட்டங்கள் உள்ள பக்கங்களில் வீதியோரமாகவே கரட் கழுவி மூட்டை கட்டுவார்கள். அங்கிருந்து வழியும் செம்மண் தண்ணீர் தாரின் மேல் மெல்லிய சேறாகப் படியும். வெயிலில் காய்ந்ததுபோல் தெரியும், அடியில் வழவழப்பாக இருக்கும். லொறிச் சக்கரம் இழுத்து வந்த மண்ணும் அப்படியே. அதன் மேல் பிரேக் பிடிக்காமல், ஹேண்டிலைத் திருப்பாமல் நேராகக் கடந்துவிடுங்கள்.

தோட்டப் பாதைகள்

ஃபோன் வரைபடம் காட்டும் குறுக்குப் பாதை பல இடங்களில் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குப் போகும் படிக்கட்டாக முடியும். "எவ்வளவு தூரம்?" என்று கேட்டால் "கிட்டத்தான்" என்பார்கள், அவர்கள் தினமும் நடக்கிற தூரம் அது. "அண்ணே, இந்தப் பாதையில லொறி போகுமா?" என்று கேளுங்கள். தேயிலைக் கொழுந்து ஏற்றும் லொறி போகிற பாதை என்றால் சைக்கிளும் போகும். கொழுந்து எடுக்கும் அக்காமாரைப் படம் எடுக்கும் முன் கேட்டுவிடுங்கள். அவர்கள் வேலையில் இருக்கிறார்கள். புல்லில் உட்கார்ந்து இளைப்பாறினால் சப்பாத்தில் அட்டை ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். அட்டையைக் கழற்றக் கொஞ்சம் உப்புப் பொட்டலம் போதும்.

குளிரில் தாகம் தெரியாது. மணிக்கு அரை லீற்றர் தண்ணீர், பசிக்கும் முன்பே ஒரு வாழைப்பழமோ தேங்காய் ரொட்டியோ. ஏப்ரல் சீசனில் டவுனுக்குள் வாகனம் நகராது. அந்த வாரங்களில் விடியற்காலையைத் தவிர ஓட்ட வேண்டாம்.

மூடுபனி இறங்கினால் பகலிலும் முன்னால் வெள்ளை லைட், பின்னால் சிவப்பு லைட் எரிய வேண்டும். கனமழை பெய்த மறுநாளில், தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையைப் பார்க்காமல் கிளம்பாதீர்கள். மழைக்கு ஒதுங்குவதென்றால் கடையிலோ கோவிலிலோ ஒதுங்குங்கள், வெட்டிய மண்மேட்டுக்குக் கீழே வேண்டாம். தெளிந்து ஓடிய கான் தண்ணீர் திடீரென்று கலங்கி மண்ணோடு வந்தால், மேலே எங்கோ மண் அசைகிறது. வந்த வழியே திரும்புங்கள். வீதியில் சரிந்து கிடக்கும் மண்ணின் மேல் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு கடக்க முயல வேண்டாம், அடுத்த சரிவும் அங்கேயே விழலாம். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் எண் 117, அம்பியூலன்ஸ் 1990.