வெறும் பக்கத்தில் யாமல் எழுதாதீர்கள்

எங்கள் குழுவில் புதிதாகச் சேருகிறவர்களிடம் ஒரே ஒரு விஷயத்தில் கண்டிப்பாக இருப்பேன். கன்டெய்னர்களை (செயலியை அடைத்து ஓட்டும் பொதிகள்) நிர்வகிக்கும் குபெர்னெட்டீஸுக்கு என்ன வேண்டும் என்று சொல்லும் யாமல் (YAML) கோப்பை முதல் வரியிலிருந்து கையால் தட்டக்கூடாது. வேறு திட்டத்தின் கோப்பை நகலெடுத்துப் பெயர் மாற்றவும் கூடாது. கையால் தட்டினால் இன்டென்டேஷன் (வரித் தொடக்க இடைவெளி) கெடும். நகலெடுப்பது அதைவிட மோசம். எப்போதோ யாரோ எதற்கோ சேர்த்த வரிகள் காரணம் தெரியாமலே கூட வந்துவிடும். குபெர்னெட்டீஸின் கட்டளைக் கருவியான கியூப்சிடிஎல் (kubectl) இருக்கும்போது இரண்டுக்கும் அவசியமில்லை, கோப்பை அதுவே எழுதித் தரும்.

கட்டளைகளை உச்சரிப்புப்படி தமிழில் தருகிறேன். டெர்மினலில் ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள். ஆர்டர் விவரம் தரும் சிறிய ஏபிஐ ஒன்று, 8080 போர்ட்டில் ஓடுகிறது, பெயர் ‘ஆர்டர்ஸ்’ என்று வைத்துக்கொள்வோம். முதலில் டிப்ளாய்மென்ட், அதாவது எந்த இமேஜை (கன்டெய்னரின் மூலப் பொதி) எத்தனை பிரதிகளாக ஓட்டுவது என்ற குறிப்பு.

கியூப்சிடிஎல் கிரியேட் டிப்ளாய்மென்ட் ஆர்டர்ஸ் --இமேஜ்=(உங்கள் இமேஜும் டேகும்) --ரெப்ளிகாஸ்=2 --போர்ட்=8080 --ட்ரை-ரன்=கிளையன்ட் -ஓ யாமல்

உயிர்நாடி கடைசி இரண்டு ஃபிளாக்கும்தான் (கட்டளையோடு சேர்க்கும் தெரிவுகள்). ட்ரை-ரன்=கிளையன்ட் என்றால் கிளஸ்டரில் (குபெர்னெட்டீஸ் ஓடும் கணினிக் கூட்டம்) எதையும் உருவாக்காது; உருவாக்கியிருந்தால் என்ன அனுப்பியிருக்குமோ அதைத் திரையில் காட்டும். வெறும் ட்ரை-ரன் என்று மட்டும் போடும் பழைய வழக்கம் 1.18 பதிப்பிலேயே கைவிடப்பட்டது. பழைய குறிப்புகளில் பார்த்தால் அப்படியே எடுத்துப் போடாதீர்கள்.

திரையில் வந்தது சரியாக இருந்தால் ‘>’ குறி போட்டுக் கோப்பில் சேமியுங்கள். அந்தக் குறி எதையும் கேட்காமல் பழைய கோப்பின் மேலேயே எழுதிவிடும். கையால் திருத்தம் செய்த பிறகு அதே கட்டளையை மறுபடி ஓட்டினால் திருத்தம் அவ்வளவும் போச்சு.

அடுத்தது சர்வீஸ், வரும் அழைப்புகளைச் சரியான இடத்துக்கு அனுப்புவது. ‘கிரியேட் சர்வீஸ் கிளஸ்டர்ஐபி ஆர்டர்ஸ் --டிசிபி=80:8080’, பின்னால் அதே இரண்டு ஃபிளாக். இங்கே பெயரில் கவனம் வேண்டும். சர்வீஸுக்கு என்ன பெயர் கொடுக்கிறீர்களோ, அதையே ‘ஆப்’ லேபிளின் (அடையாளச் சீட்டு) மதிப்பாக செலக்டரில் (அழைப்பு யாருக்குப் போக வேண்டும் என்று லேபிளை வைத்துத் தேர்வது) எழுதிவிடும். டிப்ளாய்மென்ட் ‘ஆர்டர்ஸ்’, சர்வீஸ் ‘ஆர்டர்ஸ்-சர்வீஸ்’ என்று வைத்தால் செலக்டர் எந்த ‘பாட்’டையும் (pod, கன்டெய்னர் ஓடும் அலகு) பிடிக்காது. பிழைச் செய்தியும் வராது. பாடுகள் பச்சையாக ஓடிக்கொண்டிருக்கும், ஆனால் அழைப்பு போய்ச் சேராது. ‘டிஸ்க்ரைப் சர்வீஸ்’ போட்டு எண்ட்பாயின்ட்ஸ் (அழைப்பு போய்ச் சேரும் முகவரிகள்) வரி காலியாக இருக்கிறதா என்று பாருங்கள். காலி என்றால் பெரும்பாலும் இதுதான் கதை. இரண்டுக்கும் ஒரே பெயர் வைப்பதுதான் என் வழக்கம்.

வெளியிலிருந்து அழைப்பு வர இன்க்ரெஸ் (நுழைவாயில்) வேண்டுமானால் ‘கிரியேட் இன்க்ரெஸ்’ இருக்கிறது. ரூலில் (எந்தப் பாதை எந்த சர்வீஸுக்கு என்ற விதி) பாதையின் முடிவில் நட்சத்திரம் போட்டால் அந்தப் பாதையில் தொடங்கும் எல்லாமே வரும். போடாவிட்டால் அந்த ஒரே பாதை மட்டும்தான். ரூலை மேற்கோள் குறிக்குள் வையுங்கள், இல்லாவிட்டால் ஷெல் அந்த நட்சத்திரத்துக்குத் தன் இஷ்டப்படி பொருள் கொள்ளும்.

இப்போது கிடைத்திருப்பது எலும்புக்கூடு. காலியாக வரும் ஸ்டேட்டஸ், நல் (null, மதிப்பில்லை) என்று நிற்கும் கிரியேஷன்டைம்ஸ்டாம்ப் போன்றவை இருந்தால் நீக்கிவிடுங்கள். தீங்கில்லை, ஆனால் கோப்புகளின் மாற்ற வரலாற்றைச் சேமிக்கும் கிட்டில் (Git) குப்பை எதற்கு? ரிசோர்சஸ் (மெமரி, சிபியு அளவுகள்) காலி அடைப்புக்குறியோடு நிற்கும். அதை நீக்காமல் நிரப்புங்கள். மெமரி லிமிட்டைத் தாண்டினால் கன்டெய்னர் கொல்லப்படும், சிபியு லிமிட்டைத் தொட்டால் வேகம் மட்டும் குறையும். அதனால் மெமரி எண்ணை ஊகத்தில் போடாமல், கொஞ்ச நாள் ஓடவிட்டு அளந்து போடுங்கள்.

கன்டெய்னரின் நலனைச் சோதிக்கும் ரெடினெஸ், லைவ்னெஸ் என்ற புரோப் இரண்டையும் டிப்ளாய்மென்ட் உருவாக்கும் கட்டளை தராது, நீங்கள்தான் சேர்க்க வேண்டும். ரெடினெஸ் தோற்றால் அந்தப் பாடுக்குப் போக்குவரத்து நிற்கும். லைவ்னெஸ் தோற்றால் கன்டெய்னரையே மறுபடி தொடங்கும். லைவ்னெஸ்ஸுக்குள் டேட்டாபேஸ் சோதனையை வைக்கிறவர்களோடு எனக்கு ஓயாத சண்டை. டேட்டாபேஸ் கொஞ்ச நேரம் தடுமாறினால் நன்றாக இருக்கும் பாடுகளும் ஒன்றாக விழுந்து எழும், டேட்டாபேஸுக்கு அது கூடுதல் சுமை. எந்த ஃபீல்டு எங்கே வரும் என்று மனப்பாடம் செய்ய வேண்டாம்; ‘கியூப்சிடிஎல் எக்ஸ்ப்ளைன்’ போட்டு ஃபீல்டின் முழுப் பாதையையும் கொடுத்தால் விளக்கம் வரும். டேப் மட்டும் வேண்டாம், யாமல் ஏற்காது. இரண்டு ஸ்பேஸ் போதும்.

திருத்தி முடித்ததும், கோப்பை கிளஸ்டருக்கு அனுப்பும் அப்ளை கட்டளையை ட்ரை-ரன்=சர்வர் என்று ஒரு தடவை ஓட்டுங்கள். இது உண்மையிலேயே கிளஸ்டருக்குப் போய் விதிகளோடு ஒப்பிட்டுவிட்டு, எதையும் சேமிக்காமல் திரும்பும். இமேஜ் நிஜமாகவே ரெஜிஸ்ட்ரியில் (இமேஜ் கிடங்கு) இருக்கிறதா என்று மட்டும் இதுவும் பார்க்காது. அப்புறம் ‘கியூப்சிடிஎல் டிஃப்’, கிளஸ்டரில் இருப்பதற்கும் உங்கள் கோப்புக்கும் உள்ள வேறுபாட்டைக் காட்டும். மாற்றம் இருந்தால் அதன் எக்ஸிட் கோட் (கட்டளை முடியும்போது திருப்பும் எண்) 1, இல்லாவிட்டால் 0. சிஐ பைப்லைனில் (கோடைத் தானாகச் சோதிக்கும் வரிசை) போட்டிருந்தால் இந்த 1-ஐப் பிழை என்று எடுத்துக்கொண்டு பைப்லைன் நின்றுவிடும், அதற்கு வழி செய்துவையுங்கள்.

சீக்ரெட்டையும் (கடவுச்சொல் போன்ற ரகசியம்) இதே முறையில் உருவாக்கலாம். ஆனால் அந்தக் கோப்பை கிட்டில் போடவே கூடாது. உள்ளே இருப்பது வெறும் பேஸ்64 எழுத்து மாற்றம், யார் வேண்டுமானாலும் ஒரே கட்டளையில் பிரித்துப் படிக்கலாம். மற்ற கோப்புகளை கமிட் செய்துவிட்டு அப்ளை செய்யுங்கள். புதிய பதிப்பு பரவும் நிலையைக் காட்டும் ‘ரோல்அவுட் ஸ்டேட்டஸ்’ வெற்றி என்று சொல்லும்வரை டெர்மினலை மூடாதீர்கள்.