சின்னப் பிள்ளைக்குக் கால்பந்தா? 3ஆம் நம்பர் பந்து வாங்குங்கள்

மூன்று, நான்கு வயதுப் பிள்ளைக்குக் கால்பந்து பழக்க நினைத்தால் பெரியவர்கள் ஆடும் 5ஆம் நம்பர் பந்து வேண்டாம், 3ஆம் நம்பர் வாங்கி, காற்றையும் கொஞ்சம் குறைத்தே அடியுங்கள், அப்போதுதான் உருண்டு ஓடிவிடாமல் காலடியிலேயே நிற்கும். பெசன்ட் நகர் பீச் பார்க்க அழகுதான், ஆனால் பொதபொதவென்ற மணலில் பந்து நகராது, பிள்ளைக்குச் சலித்துவிடும். பக்கத்துப் பார்க் புல்தரை போதும், வெயில் ஏறுவதற்குள் போய்விடுங்கள்.

மேட்ச், கோல் எல்லாம் அப்புறம். நீங்கள் ‘பச்சை’ என்றால் பந்தைச் சின்னச் சின்னதாகத் தட்டிக்கொண்டே ஓட வேண்டும், ‘சிவப்பு’ என்றால் உள்ளங்காலைப் பந்தின் மேல் வைத்து நிறுத்த வேண்டும், அவ்வளவுதான் பயிற்சி. நடுவில் நாய்க்குட்டி பார்க்கப் போனால் விடுங்கள். தலையால் முட்ட மட்டும் சொல்லித்தராதீர்கள். அமெரிக்கக் கால்பந்துச் சங்கமே 10 வயது வரை அதைத் தடுத்திருக்கிறது.